டிஜிட்டலாக வாங்கிய ரெட் டெட் 2-ஐ அத்தை பையனின் டிஸ்க்கிலிருந்து ஏற்ற முடியுமா?

நாற்பதாம் வளைவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது வால்பாறைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட். ஃபைபர் லைன் எங்கள் பக்கம் வரவில்லை. மொபைல் டேட்டாதான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. அதிலும் மழை பிடித்துவிட்டால் ஜன்னல் ஓரம் போனை வைத்துத்தான் சிக்னல் பிடிக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கேம் கன்சோல். தள்ளுபடி போட்டிருந்தபோது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ என் அக்கவுன்ட்டிலேயே வாங்கிவிட்டேன். வாங்கும்போதே தெரியும், இறக்க 100 ஜிபிக்கு மேல் ஆகும் என்று. என் டேட்டா கணக்கில் அது 50 நாளுக்கு மேல் போகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் ஒரு வீடியோகூடப் பார்க்காமல் இருந்தால். அப்பா சீரியல் பார்ப்பதையே போனில்தான் பார்க்கிறார். அதனால் அந்தக் கணக்கு வீட்டில் செல்லாது.

பொள்ளாச்சியில் அத்தை பையன் இருக்கிறான். அவனிடம் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன், 500 ஜிபி மாடல். இதே கேமை டிஸ்க்காக வைத்திருக்கிறான், இரண்டு டிஸ்க்கும் இருக்கிறது. ஆனால் என் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே கிடையாது.

கேள்வி இதுதான். அவனுடைய டிஸ்க்கை எப்படியாவது பயன்படுத்தி என் டிஜிட்டல் கேமை ஏற்ற வழி உண்டா? காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், திருட்டு வேலை எதுவும் கேட்கவில்லை. கேமின் ஃபைல்கள் மட்டும் நெட் வழியாக வராமல் டிஸ்க் வழியாக வர வேண்டும், அவ்வளவுதான். கன்சோல் வாங்கிய கடையில் கேட்டேன். “டிஸ்க்குன்னா டிஸ்க், டிஜிட்டல்னா டிஜிட்டல் தம்பி, ரெண்டையும் கலக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று, அவன் வீட்டிலும் ஃபைபர் இல்லை. ஹாட்ஸ்பாட்தான். அதனால் “அங்கே போய் டவுன்லோடு பண்ணு” என்று யாரும் சொல்ல வேண்டாம். இதற்காக நான் மலை இறங்கிப் போக வேண்டும், அதனால் முன்னாலேயே தெரிந்துகொண்டு போகலாம் என்று கேட்கிறேன்.

---

நைட் ஷிஃப்ட் எழுதியது:

முடியாது நண்பா. டிஸ்க்கில் ஏற்றினால் விளையாடும்போதும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். என் பிஎஸ்4-இல் (பிளேஸ்டேஷன் 4) பல தடவை பார்த்தாகிவிட்டது. உங்கள் சீரிஸ் எஸ்ஸில் டிரைவே இல்லை என்கிறீர்கள். கடைக்காரர் சொன்னது சரிதான். கோவையில் ஃபைபர் வைத்திருக்கும் யாராவது சொந்தக்காரர் வீட்டுக்குக் கன்சோலைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ராத்திரி இறக்கிவிடுங்கள்.

---

பழைய டிஸ்க்காரன் எழுதியது:

தம்பி, முடியும். தாராளமாக முடியும். நைட் ஷிஃப்ட் சொல்வது பிஎஸ்4-க்கு உண்மை, எக்ஸ்பாக்ஸில் டிஜிட்டலாக வாங்கியவனுக்கு இல்லை. நான் மதுரையில் வெகுகாலம் பழைய கேம் டிஸ்க் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தவன். டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து விலை சொல்லியே பிழைத்தவன் என்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள். கேம் என்று நாம் சொல்வதில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, 100 ஜிபி சரக்கு: குதிரை, மலை, பனி, குரல், இசை எல்லாம். இன்னொன்று, அதைத் திறக்க உனக்கு இருக்கும் லைசென்ஸ். டிஸ்க் என்பது சரக்கு மூட்டை, லைசென்ஸ் என்பது அதற்கான ரசீது. டிஸ்க் வாங்கியவனுக்கு டிஸ்க்கேதான் ரசீதும். அதனால்தான் விளையாடும்போதெல்லாம் அதை உள்ளே போட்டுக் காட்டச் சொல்கிறது. உன் ரசீதோ உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கிறது. மூட்டையை எங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தாய் என்று எக்ஸ்பாக்ஸ் கேட்பதில்லை.

இது ஏதோ ஓட்டை இல்லை, எக்ஸ்பாக்ஸ் ஒன் கட்டப்பட்ட விதமே அப்படி. 2013-இல் அந்த கன்சோலை அறிவித்தபோது மைக்ரோசாஃப்ட்காரர்கள் போட்டிருந்த திட்டம் நினைவிருக்கிறதா? டிஸ்க்கை ஒரு தடவை ஏற்றினால் போதும், கேம் உன் அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க்கே வேண்டாம். அதற்குப் பதிலாக 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை கன்சோல் நெட்டில் தலையைக் காட்ட வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு. எங்களை மாதிரி பழைய டிஸ்க் வியாபாரிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்த அறிவிப்பு அது. உலகம் முழுக்க திட்டித் தீர்த்ததில் ஜூன் 19-ஆம் தேதியே பின்வாங்கிவிட்டார்கள். விதிகள் போய்விட்டன. ஆனால் டிஸ்க்கில் இருப்பதும் ஸ்டோரிலிருந்து இறங்குவதும் ஒரே வகைப் பொட்டலம் என்ற அமைப்பு அப்படியே தங்கிவிட்டது. உனக்கு இப்போது உதவப் போவது அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். உன் கன்சோலில் டிரைவ் இல்லை, அதனால் நடுவில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும். யுஎஸ்பி 3.0 ஆக இருக்க வேண்டும், சின்னப் பென்டிரைவ் எல்லாம் வேலைக்கு ஆகாது. 500 ஜிபியோ 1 டிபியோ பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. எக்ஸ்பாக்ஸ் அதை முழுக்க அழித்துத் தன் முறையில் ஃபார்மேட் செய்யும், அப்புறம் கம்ப்யூட்டரில் அதைத் திறக்க முடியாது. ஆகவே அக்கா கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போகாதே. சிரிக்கவில்லை, இந்த விஷயத்தில் கடையில் அழுகையே பார்த்திருக்கிறேன்.

போவதற்கு முன்னால் அத்தை பையனுக்கு போன் போட்டு ஒன்று கேள்: அந்தக் கேம் இன்னும் அவன் எக்ஸ்பாக்ஸில் ஏற்றியபடியே இருக்கிறதா? இருந்தால், அதுவும் அவ்வப்போது அப்டேட் ஆகியிருந்தால், டிஸ்க்கை நீ தொடவே வேண்டாம். ஸ்டோரேஜ் செட்டிங்கில் போய், உள்ளே இருப்பதை எக்ஸ்டர்னலுக்குக் காப்பி எடுத்தால் போதும். ‘மூவ்’ கொடுத்தால் அவனுடையது போய்விடும், ‘காப்பி’ கொடு. அப்டேட்டோடு சேர்ந்து வந்துவிடும் என்பதால் இதுதான் சிறந்த வழி.

அழித்துவிட்டான் என்றால் டிஸ்க் வழி. அவன் எக்ஸ்பாக்ஸில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் ‘கேம்ஸ் அண்ட் ஆப்ஸ்’ என்றும் மீடியா என்றும் இரண்டு வழி கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடு. புதிதாக ஏற்றுவது எல்லாம் இந்த டிரைவுக்கே போக வேண்டும் என்று இன்ஸ்டால் இடத்தையும் மாற்றிவிடு. அப்புறம் முக்கியமான வேலை: நெட்வொர்க் செட்டிங்கில் போய் கன்சோலை ஆஃப்லைனில் போடு. இதை விட்டுவிட்டால் டிஸ்க் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறு பக்கம் அவனுடைய ஹாட்ஸ்பாட் டேட்டாவை அப்டேட் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். டிஸ்க்கிலிருந்து ஏறுகிறது என்று நீங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள், அன்றைய 2 ஜிபி காலியாகியிருக்கும்.

ரெட் டெட் 2-இல் இரண்டு டிஸ்க் இருப்பதற்குக் காரணம் அளவுதான், எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கான ஒரு ப்ளூ-ரேயில் 50 ஜிபிதான் கொள்ளும். ஒன்றில் ‘டேட்டா’ என்றும் மற்றதில் ‘ப்ளே’ என்றும் போட்டிருக்கும். டேட்டா டிஸ்க்கை முதலில் போடு. அது முடிந்ததும் அடுத்ததை அதுவே கேட்கும். டிஸ்க்குகளின் நிலையைப் பொறுத்து இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள். டேட்டா டிஸ்க் ஒரு தடவை ஏற்றிவிட்டு உறைக்குள் போவது, அதனால் பெரும்பாலும் பளபளவென்று இருக்கும். தினமும் வெளியே வந்து போனது ப்ளே டிஸ்க், கீறல் அதில்தான் இருக்கும். ஏற்றும்போது ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நின்றால் பதறாமல் வெளியே எடுத்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடை. வட்டமாகத் துடைக்கவே கூடாது. டிரைவ் படிப்பது வட்டப் பாதையில், நீ போடும் புதுக் கீறலும் வட்டமாக இருந்தால் ஒரே இடத்தில் நீளமாகப் படிக்க முடியாமல் போகும். குறுக்கே விழும் கீறலை அது தாண்டிக்கொள்ளும்.

இத்தனைக்கும் உன் அக்கவுன்ட்டை அவன் கன்சோலில் போட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்றி முடித்ததும் கன்சோலை முழுக்க அணைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்று. வீட்டுக்கு வந்து உன் சீரிஸ் எஸ்ஸில் செருகு. மறுபடி ஃபார்மேட் கேட்காது, அடையாளம் கண்டுகொள்ளும். கேம் உன் பட்டியலில் வந்து நிற்கும். முதல் தடவை திறக்கும்போது நெட் வேண்டும், லைசென்ஸைச் சரிபார்க்க. அது மிகச் சிறிய வேலை. ஆனால் அப்டேட் கேட்கும். டிஸ்க்கில் இருப்பது 2018 அக்டோபரில் வெளியானபோது அச்சடித்தது, அதன் பிறகு வந்த திருத்தங்கள் எல்லாம் மொத்தமாக வரிசையில் நிற்கும். அதற்கு டேட்டா ஒதுக்கிக்கொள். முழு கேமோடு ஒப்பிட்டால் அது சின்னப் பங்குதான்.

ரெட் டெட் 2 எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்துக் கேம் என்பதால் சீரிஸ் எஸ் அதை எக்ஸ்டர்னலிலிருந்தே ஓட்டும். சீரிஸுக்கென்றே செய்த புதுக் கேம்களை எக்ஸ்டர்னலில் வைக்கலாம், ஓட்ட முடியாது. இடம் இருந்தால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்குக் காப்பி எடுத்துக்கொள், லோடிங் சீக்கிரம் ஆகும். 512 ஜிபி மாடல் என்றால் அதில் கையில் கிடைப்பதே 364 ஜிபிதான், பார்த்துச் செய்.

---

நாற்பதாம் வளைவு எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. அவனிடம் கேட்டுவிட்டேன், கிரிக்கெட் கேமுக்கு இடம் வேண்டும் என்று எப்போதோ அழித்துவிட்டானாம். ஆக டிஸ்க் வழிதான்.

இரண்டு சந்தேகம். நான் இப்படி ஏற்றிக்கொண்டால் அவனுடைய டிஸ்க்குக்கு ஏதாவது ஆகுமா? அத்தை அதைத்தான் கேட்கிறார், “அவனோடது பூட்டிக்குமா” என்று. இன்னொன்று, அவனிடம் முதல் ரெட் டெட்டும் இருக்கிறது, ஒன்னுக்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360-இன் டிஸ்க். அதையும் நான் ஸ்டோரில் வாங்கி இதே மாதிரி ஏற்றலாமா?

---

பழைய டிஸ்க்காரன் எழுதியது:

அத்தையிடம் சொல், ஒன்றும் பூட்டிக்கொள்ளாது. அந்த டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை, யார் பெயரிலும் அது பதிவாவதில்லை. நீ அங்கே விளையாடும் அதே நேரத்தில் அவன் இங்கே டிஸ்க் போட்டு விளையாடலாம். இரண்டு பேரிடமும் தனித்தனி உரிமை இருக்கிறதே.

360 டிஸ்க் விஷயத்தில் முடியாது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 360 டிஸ்க்கைப் போட்டால் அது டிஸ்க்கிலிருந்து எதையும் ஏற்றுவதில்லை. “சரி, இவரிடம் டிஸ்க் இருக்கிறது” என்று பார்த்துக்கொண்டு, புது கன்சோலுக்காக மாற்றியமைத்த பதிப்பை முழுக்க நெட்டிலிருந்துதான் இறக்கும். டிஸ்க் அங்கே சாவி மட்டும். ஆனால் 360 காலத்துக் கேம்கள் சின்னவை, 10 ஜிபிக்குள் அடங்குவதே அதிகம், உன் டேட்டாவிலேயே ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

அதேபோல ஒன்னுக்கும் சீரிஸுக்கும் தனித்தனிப் பதிப்பு உள்ள கேம்கள், உதாரணமாக அசாசின்ஸ் க்ரீட் வல்ஹாலா, இந்த வழிக்கு ஒத்துவராது. பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் டிஸ்க் போட்டால் ஏறுவது ஒன் பதிப்பு. உன் சீரிஸ் எஸ் தனக்கென்று இருக்கும் பதிப்பை நெட்டிலிருந்து கேட்கும். ரெட் டெட் 2-க்கு அந்தத் தொல்லை இல்லை.

---

ட்ரிக்கர் திருச்சி எழுதியது:

நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். இதே நிலைமை எனக்கு பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனில். ஸ்டோரில் வாங்கிய பிஎஸ்4 கேம், தோழியிடம் அதே கேம் டிஸ்க்காக இருக்கிறது. அவளுடைய பிஎஸ்4-இல் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, என்னுடையதில் செருகினால் என் லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுமா?

---

பழைய டிஸ்க்காரன் எழுதியது:

எடுத்துக்கொள்ளாதும்மா. பிளேஸ்டேஷனில் டிஸ்க்கிலிருந்து ஏற்றியது கடைசிவரை டிஸ்க்காரருடையதாகவே இருக்கும், திறந்தால் டிஸ்க்கைக் கேட்கும். நீ டிஜிட்டலாக வாங்கியிருந்தாலும் அந்தப் பொட்டலத்தை அது உன்னுடையதாக ஏற்றுக்கொள்வதில்லை. டிஸ்க்கில் விளையாடிவிட்டு அப்புறம் அதே கேமைத் தள்ளுபடியில் டிஜிட்டலாக வாங்கியவர்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டி வந்து, கடைக்கு வந்து என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

உனக்கு உதவக்கூடியது வேறு ஒரு ஆள். அதே கேமை டிஜிட்டலாக வாங்கியவர், அதே ரீஜனில். அவருடைய பிஎஸ்4-இல் எக்ஸ்டர்னலுக்கு மாற்றிக் கொண்டுவந்தால் உன் அக்கவுன்ட்டின் லைசென்ஸ் அதைத் திறக்கும். பிஎஸ்4 கேம்கள் பிஎஸ்5-இல் எக்ஸ்டர்னலிலிருந்தே ஓடும், பிஎஸ்5 கேம்கள் ஓடாது.

உன் டிஜிட்டல் எடிஷன் 2023 நவம்பருக்கு அப்புறம் வந்த ஒல்லி மாடலாக இருந்தால் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதை மாட்டினாலும் தோழியின் டிஸ்க்கை உள்ளே வைத்துத்தான் விளையாட முடியும், நீ வாங்கிய லைசென்ஸ் சும்மா கிடக்கும். இதற்காக அதை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

---

பென்டியம் பித்தன் எழுதியது:

கம்ப்யூட்டர் பக்கத்தை யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். டிஸ்க் வேறு லைசென்ஸ் வேறு என்பதை மக்கள் தலையில் முதலில் ஏற்றியது கம்ப்யூட்டர் கேம்களை நெட்டில் விற்கும் ஸ்டீம்தான். 2004-இல் ஹாஃப்-லைஃப் 2-ஐக் கடையில் டிஸ்க்காக வாங்கியவர்களும் ஸ்டீம் அக்கவுன்ட்டில் பதிந்தால்தான் விளையாட முடிந்தது. டிஸ்க் வெறும் சரக்கு. அதன் பிறகு வந்த ஸ்கைரிம், ஃபால்அவுட் நியூ வேகஸ் போன்றவற்றின் டிவிடிகளும் அதே வகை. ஆகவே ஸ்டீமில் அந்தக் கேம் உங்களிடம் இருந்தால், வேறு யாரோ கீயை (பெட்டியோடு வரும் பதிவு எண்ணை) ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட பழைய டிவிடியைப் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். நான் நியூ வேகஸை அப்படித்தான் ஏற்றினேன், பழைய புத்தகக் கடையில் கிடைத்த டிவிடி.

ஒரு நுணுக்கம். டிஸ்க்கைப் போட்டு அதில் வரும் இன்ஸ்டாலரை அழுத்தினால் ஸ்டீம் பல சமயம் டிஸ்க்கை மறந்துவிட்டு நெட்டிலிருந்து இறக்க ஆரம்பித்துவிடும். ஸ்டீமை முழுக்க மூடிவிட்டு, விண்டோஸின் ரன் பெட்டியில் ஸ்டீம் ப்ரோக்ராமின் முழுப் பாதையைக் கொடுத்து, இடைவெளி விட்டு ‘ஹைஃபன் இன்ஸ்டால்’ என்றும், அதன் பின் டிவிடி டிரைவின் எழுத்தும் முக்காற்புள்ளியும் (கோலன்) தட்டுங்கள். அப்போது டிஸ்க்கிலிருந்தே எடுக்கும். முடிந்ததும் விடுபட்டதை மட்டும் நெட்டிலிருந்து நிரப்பிக்கொள்ளும்.

பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2011-இன் ஸ்கைரிம் டிவிடி, 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கு உதவாது. ஸ்டீமுக்கு இரண்டும் வேறு வேறு கேம். அப்புறம் டிஸ்க் என்ற பெயரில் ஏமாற்றும் டிஸ்க்குகளும் உண்டு. மெட்டல் கியர் சாலிட் 5-இன் பிசி டிஸ்க்கில் 2015-இல் இருந்தது ஸ்டீம் இன்ஸ்டாலர் மட்டும், சுமார் 8 எம்பி. ஒன்றிரண்டு பாட்டு அளவுதான்!

உங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் டிஸ்க்கே வேண்டாம். 2023-இலிருந்து ஸ்டீம் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து கேமை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. ஹாஸ்டல்காரர்களுக்கு வரப்பிரசாதம்.

---

பழைய டிஸ்க்காரன் எழுதியது:

பித்தன் சொன்ன 8 எம்பி கதை கன்சோலிலும் வந்துவிட்டது. 2022-இன் மாடர்ன் வார்ஃபேர் 2, பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது 70 எம்பி சுமார். பல பத்து ஜிபி கொள்ளும் டிஸ்க்கில்! அதை முழு விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து “அண்ணே, நெட் இல்லாமல் ஓடலை” என்று கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வது? எங்கள் தொழிலில் டிஸ்க்கைக் கையில் தூக்கினாலே அதில் ஒரு முழு கேம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் விலையே பேசினோம். நெட் நன்றாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. வால்பாறைத் தம்பி மாதிரி ஆளுக்குத்தான் தெரியும், டிஸ்க்கில் இருக்கும் ஒவ்வொரு ஜிபியும் எவ்வளவு பெறும் என்று. ஆகவே யார் டிஸ்க்கைக் கடன் வாங்கப் போனாலும் முதலில் உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் டவுன்லோடு தேவை என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். ரெட் டெட் 2 அந்த வகையில் நேர்மையான பெட்டி. இரண்டு டிஸ்க் கொடுத்திருக்கிறார்கள், இரண்டிலும் நிறையச் சரக்கு இருக்கிறது.

---

நாற்பதாம் வளைவு எழுதியது:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது தேடி வந்தால் உதவும்.

போன ஞாயிறு பொள்ளாச்சி போய் வந்தேன். ஹார்ட் டிஸ்க் 1 டிபி, எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் பழையது கொடுத்தார். ஃபார்மேட் ஆகும் என்று சொல்லியே வாங்கினேன். அத்தை பையனின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை ஆஃப்லைனில் போட்டு, டேட்டா டிஸ்க்கைச் செருகியதும் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற ஆரம்பித்தது. அண்ணா சொன்னபடியே அது புதிது மாதிரி இருந்தது, ஒரு தடவைகூடத் திணறவில்லை. ப்ளே டிஸ்க்தான் வேலை கொடுத்தது. நடுவில் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது, டிரைவ் உள்ளே ‘கிர்ர், கிர்ர்’ என்று தேடும் சத்தம். வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால், ஓரத்தை ஒட்டி விரல் ரேகை எண்ணெய்ப் பிசுக்கோடு தெரிகிறது. முறுக்கு தின்ற கையோடு எடுத்திருக்கிறான். அவனுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு துண்டு கிழித்து, நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைத்தேன். மறுபடி போட்டதும் விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது. சாப்பாடு முடித்து அத்தையோடு பேசிக்கொண்டிருந்ததில் மீதியும் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சீரிஸ் எஸ்ஸில் செருகியதும் கேம் பட்டியலில் வந்தது. டிஸ்க் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்ன “கலக்கக் கூடாது” நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

ஆனால் அப்டேட் நான் நினைத்ததைவிடப் பெரியது. இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அன்றன்றைக்கு மிஞ்சிய டேட்டாவைக் கொடுத்து, தீரும் முன் பாஸ் பண்ணிவிடுகிறேன். மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை. இப்போது பாதியைத் தாண்டியிருக்கிறது. அப்டேட் முடியும் வரை நெட்டோடு இருக்கும்போது கேமைத் திறக்க விடவில்லை.

அண்ணா, ஒரு கேள்வி மட்டும். அப்டேட் முடிந்தபின் நெட் இல்லாமல் விளையாட முடியுமா? மழைக்காலத்தில் இங்கே டவர் நாள்கணக்கில் படுத்துவிடும்.

---

பழைய டிஸ்க்காரன் எழுதியது:

முடியும். நெட் இருக்கும்போதே இதை உன் ‘ஹோம் எக்ஸ்பாக்ஸ்’ ஆக செட்டிங்கில் வைத்துவிடு. அப்போதுதான் லைசென்ஸ் அந்த கன்சோலிலேயே தங்கும், நெட் இல்லாத நாளிலும் கதைப் பகுதி முழுக்க ஓடும். ஆன்லைன் பகுதி மட்டும் வராது. ஹோம் எக்ஸ்பாக்ஸை அடிக்கடி மாற்ற விடமாட்டார்கள், வருஷத்துக்கு ஐந்து தடவைதான். அத்தை பையன் “என்னுடையதிலும் உன் அக்கவுன்ட்டைப் போட்டு ஹோமாக வை” என்று கேட்டால் வைத்துவிடாதே, உன்னுடையது ஆஃப்லைனில் திறக்காது.

ஹோமாக வைத்த பிறகு ஒரு தடவை நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து சோதித்துப் பார்த்துக்கொள், டவர் படுக்கும் வரை காத்திருக்காதே. அப்புறம் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இடம் மிச்சம் இருந்தால் அவனிடம் வேறு என்னென்ன எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க் இருக்கிறது என்று பட்டியல் வாங்கி வை. அடுத்த தள்ளுபடியில் அவனிடம் டிஸ்க் இருக்கும் கேமாகப் பார்த்து வாங்கு.